பின்னாடி இறுக்கினேன், வால் வெளியே வந்துச்சு

இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த இழுவைகளையும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களையும் குறைத்திருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.

போன வாரம் டேட்டாபேஸ் லாக் பத்திப் பேசி முடிக்கிறப்ப, "என் காரை நானே காசு குடுத்துக் கெடுத்த கதை ஒண்ணு இருக்கு, இன்னொரு நாள் சொல்றேன்"னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வந்த மெசேஜ் எல்லாம் கார் கதையைக் கேட்டுத்தான். டேட்டாபேஸ் பத்தி ரெண்டே ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. சரி, மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு. இன்னைக்குக் கார்.

அப்பா வாங்கின ஹேட்ச்பேக். பத்து வருஷப் பழசு, ஓடோமீட்டர்ல 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, பின்னாடி டார்ஷன் பீம். நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார்ல பெரும்பாலானது இந்த அமைப்புதான். எனக்கு இருந்த குறை ரெண்டு. அஞ்சு பேர் ஏறினா ஸ்பீட் பிரேக்கர்ல அடி தட்டும். ஹைவேல 100ல போய் லேன் மாறினா பின்பக்கம் மட்டும் படகு மாதிரி ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் அடங்கும்.

நான் என்ன பண்ணினேன்னா, நாலு வீடியோ பார்த்தேன். எல்லாரும் ரெண்டு பொருளைச் சொன்னாங்க. ஒண்ணு ஸ்பிரிங் பஃபர். காயில் ஸ்பிரிங்கோட சுத்துக்கு நடுவுல செருகுற ரப்பர் துண்டு. இன்னொண்ணு, பின் ஆக்ஸில்ல போல்ட் போட்டு மாட்டுற ஒரு தடி இரும்புக் கம்பி, அதாவது ஆன்ட்டி ரோல் பார். "வண்டி தண்டவாளத்துல போற மாதிரி போகும்"னு ஒருத்தர் சொன்னார். ரெண்டையும் வாங்கி ஒரே சனிக்கிழமைல மாட்டிட்டேன்.

ஆஃபீஸ்ல ஒரே நேரத்துல ரெண்டு மாற்றத்தை டெஸ்ட் பண்ணாம நேரா புரொடக்‌ஷன்ல ஏத்துற ஜூனியரைப் பிடிச்சுத் திட்டுற ஆள் நான். அதைச் சொல்லிக்கணும்.

முதல் மூணு வாரம் சொர்க்கம். அடி தட்டல. ஓஎம்ஆர் யூ-டர்ன்ல வண்டி சாயவே இல்ல. ஸ்டீயரிங்கைத் திருப்பினா மூக்கு சட்டுன்னு உள்ள வருது. பார்க்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்.

நாலாவது வாரம் அப்பாவை கூட்டிட்டு ஏலகிரி போனேன். பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பிரச்சனை இல்ல. மறுநாள் சாயங்காலம் இறங்கும்போது தூறல். வண்டில நாங்க ரெண்டே பேர், பின் சீட் காலி. வலது பக்கம் திரும்புற ஒரு வளைவு, நான் நினைச்சதை விட உள்ள போகப் போக இறுகிட்டே போச்சு. வேகம் 40 கூட இருக்காது. "கொஞ்சம் அதிகமா வந்துட்டோம்"னு தோணின நொடில ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன். அவ்வளவுதான். பிரேக்கைக் கூட சரியா மிதிக்கல. பின்பக்கம் அப்படியே இடது பக்கமா வழுக்கிட்டு வெளியே போச்சு. நான் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சது திறமைன்னு சொல்ல மாட்டேன், பயத்துல கை தானா போச்சு. பின் பம்பர் கைப்பிடிச் சுவர்ல உரசி, வண்டி நின்னுச்சு. எதிர்ல பஸ் வரல. வந்திருந்தா இந்த எபிசோட் இல்ல.

அப்பா அதுக்கப்புறம் மூணு வளைவு எதுவும் பேசல. நாலாவது வளைவுல, "இந்த வண்டி பத்து வருஷமா என்கிட்ட இருந்துச்சு, ஒரு தடவை கூட இப்படிப் பண்ணலையேடா"ன்னு மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வரியாலதான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். நான் மெக்கானிக்கல் படிக்கல, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். ஆனா முதல் வருஷத்துல இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் எனக்கும் இருந்துச்சு. அதுவே போதுமா இருந்துச்சு.

சரி, உள்ள போவோம்.

டார்ஷன் பீம்னா, வண்டியைத் தூக்கிக் கீழ இருந்து பார்த்தா ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் நீளவாக்குல ஒரு கை. அந்தக் கைகளோட முன் முனை பெரிய ரப்பர் புஷ் வழியா பாடில மாட்டியிருக்கும், பின் முனைல சக்கரம். ரெண்டு கையையும் இணைக்கிற குறுக்குச் சட்டம் ஒண்ணு. ரெண்டு சக்கரமும் ஒண்ணா மேல ஏறினா அந்தச் சட்டம் சும்மா இருக்கும். ஒரு சக்கரம் ஏறி இன்னொண்ணு இறங்கினா சட்டம் முறுக்கிக்கும், முறுக்கத்தை எதிர்க்கும். வளைவுல வண்டி சாயறப்ப நடக்கிறது இந்த ரெண்டாவது விஷயம். அதாவது அந்தக் குறுக்குச் சட்டமே ஒரு ஆன்ட்டி ரோல் பார் வேலையைப் பார்க்குது. கம்பெனிக்காரன் அதோட தடிமனை யோசிச்சுத்தான் வெச்சிருக்கான். நான் மேல இன்னொரு கம்பியைப் போட்டு அந்தக் கணக்கை மாத்திட்டேன்.

"டார்ஷன் பீமா? அது மட்டமான சஸ்பென்ஷன் ஆச்சே"ன்னு சிலர் சொல்வாங்க. விலை குறைவு, இடம் அடைக்காது, அதனாலதான் சின்ன கார்ல போடுறாங்க, அது உண்மை. ஆனா 2014ல ஜெர்மனியோட நூர்பர்க்ரிங் டிராக்ல முன் சக்கரம் இழுக்கிற கார்களுக்கான சாதனையைப் படைச்ச ரெனோ மெகான் டிராஃபி-ஆர் காருக்குப் பின்னாடி இருந்தது டார்ஷன் பீம்தான். 7 நிமிஷம் 54 வினாடி. அதனால பாகத்தைத் திட்டி பிரயோஜனம் இல்ல.

இப்ப முக்கியமான இடம். வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரத்துல இருக்கிற பாரம் கொஞ்சம் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும். எவ்வளவு மாறும்? வண்டியோட எடை, எவ்வளவு வேகமா வளையுது, எடையோட மையம் எவ்வளவு உயரத்துல இருக்கு, இடது வலது சக்கரத்துக்கு நடுவுல எவ்வளவு அகலம். கணக்கு இந்த நாலுலதான் முடியுது. ஒரு உதாரணம் போடுவோம். 1000 கிலோ வண்டி, மையம் 55 சென்டிமீட்டர் உயரத்துல, அகலம் 150 சென்டிமீட்டர், புவியீர்ப்புல பாதி அளவு விசைல வளையுது. 1000 பெருக்கல் 0.5 பெருக்கல் 55 வகுத்தல் 150. சுமார் 183 கிலோ. அவ்வளவு பாரம் உள்பக்கம் இருந்து வெளிப்பக்கம் போயாகணும்.

இந்தக் கணக்குல ஸ்பிரிங் எங்கேயாவது வந்துச்சா? கம்பி வந்துச்சா? வரல. நீங்க எவ்வளவு தடிமனான கம்பி போட்டாலும் அந்த 183 கிலோ குறையாது. நான் வீடியோ பார்த்தப்ப புரியாம போனது இதுதான். வண்டி சாயலைன்னா பாரம் மாறலைன்னு நினைச்சுட்டேன். சாய்வு வேற, பாரம் மாறுறது வேற.

அப்ப கம்பி என்னதான் பண்ணுது? அந்த 183ல எவ்வளவை முன் ஆக்ஸில் சுமக்கும், எவ்வளவைப் பின் ஆக்ஸில் சுமக்கும்னு பங்கு பிரிக்குது. எந்தப் பக்கம் விறைப்பா இருக்கோ அந்தப் பக்கம் பெரிய பங்கு வாங்கிக்கும். லோட் பேலன்சர்ல வெயிட் மாத்துற மாதிரி. வர்ற டிராஃபிக் அதேதான், எந்த சர்வர் எவ்வளவு வாங்குதுங்கிறதுதான் மாறுது. பின்னாடி கம்பி போட்டா பின் ஆக்ஸில் அதிகமா வாங்கும்.

அதனால என்ன, வாங்கட்டுமேன்னு கேட்கலாம். இங்கதான் டயரோட குணம் வருது. டயர் மேல பாரம் ஏறினா பிடிமானம் ஏறும், ஆனா அதே விகிதத்துல ஏறாது. ஏற ஏற லாபம் குறையும். புரியறதுக்காக நானே சில எண்களை எடுத்துக்கறேன். 200 கிலோ பாரம் இருக்கிற டயர் 200 அலகு பிடிமானம் குடுக்குதுன்னு வைங்க. ரெண்டு பின் டயரும் சேர்ந்து 400. இப்ப வளைவுல 100 கிலோ மாறிடுச்சு. வெளி டயர்ல 300, உள் டயர்ல 100. 300 கிலோ டயர் 285தான் குடுக்கும். 100 கிலோ டயர் 106 குடுக்கும். மொத்தம் 391. இன்னும் விறைப்பாக்கி 150 கிலோ மாறினா? 350 கிலோ டயர் 325, 50 கிலோ டயர் 54. மொத்தம் 379. அதே டயர், அதே ரோடு, அதே எடை. பின்பக்கப் பிடிமானம் மட்டும் 400ல இருந்து 379க்கு வந்துடுச்சு.

அப்ப நான் காசு குடுத்து வாங்கினது என்னன்னா, பின்பக்கத்துக்கு இருந்த பிடிமானத்துல ஒரு பகுதியைக் கழிச்சது. கூடவே முன்பக்கத்தோட பங்கு குறைஞ்சதால முன் டயருக்குப் பிடிமானம் கொஞ்சம் கூடுச்சு. யூ-டர்ன்ல மூக்கு சட்டுன்னு உள்ள வந்ததுக்குக் காரணம் இதுதான். அந்தச் சுகம் பொய் இல்ல. முன் சக்கர வண்டி எல்லாம் இயல்பாவே வளைவுல நேரா போகப் பார்க்கும், அதை அண்டர்ஸ்டீயர்னு சொல்வாங்க. பின் கம்பி அதைக் குறைக்கும். ரேஸ் ஓட்டுறவங்க அதுக்காகத்தான் போடுறாங்க. பழைய பெஜோ 205 ஜிடிஐ மாதிரி வண்டிங்க வளைவுல உள்பக்கப் பின் சக்கரத்தைத் தரைல இருந்து தூக்கிட்டுப் போற போட்டோ பார்த்திருப்பீங்க. பின் ஆக்ஸில் தன் பங்கு முழுசையும் வாங்கி முடிச்சிருச்சு, உள் டயருக்குப் பாரமே இல்லன்னு அர்த்தம்.

ஆனா கம்பெனிக்காரன் அந்த அண்டர்ஸ்டீயரை வேணும்னேதான் விட்டு வெச்சிருக்கான். முன்பக்கம் வழுக்கினா சாதாரண ஆள் என்ன பண்ணுவார்? பயந்து காலை எடுப்பார். வேகம் குறையும், பாரம் முன்னாடி வரும், முன் டயர் மறுபடி பிடிக்கும். தப்பு பண்ணின ஆளோட இயல்பான பயமே அவரைக் காப்பாத்தும். பின்பக்கம் வழுக்குற வண்டில அதே பயம், அதே கால் எடுக்கிறது, ஆனா விளைவு தலைகீழ். காலை எடுத்ததும் பாரம் முன்னாடி போகும், ஏற்கெனவே தள்ளாடுற பின்பக்கம் இன்னும் லேசாகும், போச்சு. ஏலகிரில நான் பண்ணினது அட்சரம் பிசகாம இதேதான். மேல இறக்கம் வேற, பின் சீட் காலி வேற, ஈரம் வேற. நாலும் ஒண்ணா சேர்ந்துச்சு.

ஸ்பிரிங் பஃபர் கதை இன்னும் மோசம். அந்த ரப்பர் ஸ்பிரிங்கோட சில சுத்துகளை அமுங்க விடாம பண்ணும், அதனால ஸ்பிரிங் விறைக்கும். ரெண்டு பக்கமும் விறைச்சா சாய்வுக்கும் விறைப்பு கூடும், அதாவது கம்பி போட்ட அதே விளைவு இன்னொரு தடவை. போதாததுக்கு ஷாக் அப்சார்பர் பழசு. ஸ்பிரிங் சக்தியைச் சேர்த்து வெச்சுத் திருப்பிக் குடுக்கும், ஷாக் அந்தச் சக்தியை எண்ணெய் வழியாச் சூடாக்கி வெளியே விடும். இந்த ரெண்டும் ஒரு விகிதத்துல இருக்கணும். அந்த விகிதத்துல ஸ்பிரிங்கோட விறைப்பு வர்க்கமூலமா வரும். ஸ்பிரிங்கை 50 சதவீதம் விறைப்பாக்கி ஷாக்கை அப்படியே விட்டா, அடக்குற திறன் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறையும். நல்ல ஷாக்குக்கே இந்தக் கதி. என்னோடது ஒரு பக்கம் எண்ணெய் கசிஞ்சு தூசி ஒட்டி, கருப்பா படிஞ்சு கிடந்துச்சு. படகு மாதிரி ஆடுதுன்னு ஆரம்பத்துல சொன்னேன்ல, அந்த ஆட்டத்துக்குக் காரணமே அதுதான். நான் நோயை விட்டுட்டு ஸ்பிரிங்கை விறைப்பாக்கினேன். மலைல இருந்த சின்னச் சின்னக் குழில பின் சக்கரம் தவ்வித் தவ்விப் போயிருக்கணும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது.

இதுல ஒரு பழைய கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. அமெரிக்கால ஷெவர்லே 1960 மாடலா கோர்வேர்னு ஒரு கார் கொண்டு வந்தாங்க. இன்ஜின் பின்னாடி. பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்ஸில். சக்கரத்துக்குப் போற தண்டு கியர்பாக்ஸ் பக்கத்துல மட்டும் மடங்கும், சக்கரம் பக்கத்துல மடங்காது. அதனால சக்கரம் மேல கீழ போனா அதோட சாய்மானமும் சேர்ந்து மாறும். வேகமா வளைஞ்சா பின்பக்கம் மேல எழும்பி வெளிச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். அந்த நேரத்துல பின்பக்கம் சட்டுன்னு கைவிட்டுடும். 1965ல ரால்ஃப் நேடர் எழுதின புத்தகத்தோட முதல் அத்தியாயமே இந்த கார் பத்தித்தான்.

இதைச் சரி பண்ண ஷெவர்லே என்ன பண்ணினாங்க? 1964 மாடல்ல முன்பக்கத்துக்கு ஒரு ஆன்ட்டி ரோல் பாரை ஸ்டாண்டர்டா போட்டாங்க. கவனிங்க, பிரச்சனை பின்னாடி, கம்பி போட்டது முன்னாடி. பின்பக்கம் குறுக்குவாக்குல ஒரு பட்டை ஸ்பிரிங் சேர்த்தாங்க, பாரத்துல ஒரு பங்கை அது தாங்கும். அதனால பின் காயில் ஸ்பிரிங்கை இன்னும் மெதுவா வெச்சுக்க முடிஞ்சது. பின்பக்கத்தை நிலையா நிக்க வைக்க, பின்பக்கத்தோட சாய்வு விறைப்பைக் குறைச்சு முன்பக்கத்தோடதைக் கூட்டினாங்க. நான் என் வண்டிக்குப் பண்ணினதுக்கு நேர் எதிர். 1965 மாடல்ல பின் சஸ்பென்ஷனையே புதுசா வடிவமைச்சுட்டாங்க. 1972ல அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு பழைய கோர்வேரை மத்த கார்களோட வெச்சுச் சோதிச்சு, அந்தக் காலத்து கார்களை விட அது மோசமில்லன்னு அறிக்கை குடுத்துச்சு. அந்தச் சண்டை இன்னும் ஓடிட்டு இருக்கு, அதுக்குள்ள போகல.

இந்தக் கதைல எனக்குப் பிடிச்சது வேற ஒரு சின்ன விவரம். ஆரம்ப மாடல்களுக்கு கம்பெனி சொன்ன டயர் காற்றழுத்தம் முன்னாடி 15 பிஎஸ்ஐ, பின்னாடி 26 பிஎஸ்ஐ. முன் டயரைத் தளர்வா வெச்சு அதோட பிடிமானத்தைக் குறைச்சு, பின்பக்கத்துக்குச் சமமாக்கப் பார்த்தாங்க. வண்டியோட நிலைத்தன்மையை ஏர் பம்ப்காரர் கைல குடுத்த மாதிரி. நாலு டயருக்கும் ஒரே அழுத்தம் அடிச்சா எல்லாம் போச்சு. நாம பெட்ரோல் பங்க்ல என்ன சொல்றோம்? "அண்ணா, நாலுக்கும் 33 போடுங்க." டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா உள்ள ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை ஒரு தடவை படிங்க. ரெண்டு பேருக்கு ஒரு அளவு, முழு பாரத்துக்கு ஒரு அளவுன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க. நிறைய வண்டில முழு பாரத்துக்குப் பின்னாடி அதிகமா இருக்கும். அஞ்சு பேர் ஏறினா பின்பக்கம் ஆடுதுன்னு புலம்புற பாதிப் பேர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. நானும் பார்த்ததில்ல.

இப்ப, நான் அப்புறம் என்ன பண்ணினேன்.

முதல்ல பஃபரையும் கம்பியையும் கழட்டினேன். எங்க தெருமுனைல ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார், முப்பது வருஷமா இந்தத் தொழில். வண்டியைத் தூக்கிப் பார்த்துட்டு, "தம்பி, நீங்க ஷாக் மாத்தியிருந்தா இது எதுவுமே வாங்கியிருக்க வேணாம்"னார். நான் சயின்ஸ் எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன். "அதெல்லாம் சரி தம்பி, டயரைத் தொட்டுப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டார். பின் டயர் மேல உள்ளங்கையை வெச்சு ஓட்டினேன். மேடும் பள்ளமும், சின்னச் சின்ன அலை மாதிரி. ஷாக் போன வண்டில சக்கரம் தவ்வித் தவ்வி டயர் இப்படித் தேயும். கண்ணுல தெரியாது, கைல தெரியும். இதை நீங்க இன்னைக்கே பார்க்கிங்ல போய்ப் பார்க்கலாம், செலவு இல்ல.

இன்னொண்ணும் காட்டினார். டயர் பக்கவாட்டுல கடைசியா நாலு இலக்கம் இருக்கும். 2318னா 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. என் முன் டயர் புதுசு, பின் டயர் ஏழு வருஷப் பழசு. முந்தின வருஷம் ரெண்டு டயர் மட்டும் மாத்தினப்ப கடைல புதுசை முன்னாடி போட்டுட்டாங்க. முன் சக்கரம்தானே இழுக்குது, திரும்புது, அதுக்குத்தானே நல்ல டயர் வேணும்னு கேட்டா நியாயமாத்தான் இருக்கும். ஆனா டயர் கம்பெனிகளோட அறிவுரை வேற. ரெண்டே ரெண்டு மாத்தினா புதுசு பின்னாடி. காரணம் மேல சொன்னதுதான். முன்னாடி வழுக்கினா சமாளிக்கலாம், பின்னாடி வழுக்கினா சமாளிக்க நமக்குத் தெரியாது. அதுவும் ஈரத்துல.

அப்புறம் ரெண்டு பின் ஷாக்கும் கம்பெனி ஒரிஜினல் புதுசு, ஜோடியா. ஒண்ணு மட்டும் மாத்தக் கூடாது. கூடவே பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் தண்டுல இருக்கிற நுரை ரப்பர். என்னோடது தூளாகிக் கொட்டிடுச்சு. அடி தட்டுற சத்தத்துல பாதி அதுதான். அடுத்தது பீமோட முன் முனைல இருக்கிற ரெண்டு பெரிய புஷ். இதை யாரும் பேச மாட்டாங்க, ஆனா ரொம்ப முக்கியம். வளைவுல பக்கவாட்டு விசை வந்ததும் பீம் முழுசும் அந்த ரப்பர்ல லேசா திரும்பப் பார்க்கும். திரும்பினா பின் சக்கரங்கள் வண்டியை வளைவுக்குள்ள இன்னும் தள்ளும். ஒரு மாதிரி பின் ஸ்டீயரிங், நீங்க கேட்காமலே. இதைத் தடுக்க சில கம்பெனிங்க அந்தப் புஷ்ஷைச் சாய்வா வெச்சு மாட்டுவாங்க. ரப்பர் வெடிச்சு தளர்ந்துட்டா அந்த ஏற்பாடு எல்லாம் வீண். ரேஸ் பார்ட்ஸ் விக்கிறவங்க கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வாங்க. பீம் ஏறி இறங்கறப்ப அந்த இடம் பல திசைல மடங்கியாகணும், ரொம்பக் கெட்டியா இருந்தா சிக்கும், சத்தமும் வீட்டுக்குள்ள வரும். தெருவுல ஓட்டுற வண்டிக்கு ரப்பரே போதும்னு நான் விட்டுட்டேன்.

கடைசியா அலைன்மென்ட். பின் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் லேசா உள்நோக்கிப் பார்த்திருந்தா வண்டி நேரா நிக்கும், அதுக்குப் பேர் டோ-இன். வெளிநோக்கிப் போயிட்டா அமைதி இருக்காது. டார்ஷன் பீம்ல சாதாரணமா இதை அட்ஜஸ்ட் பண்ண முடியாது. அதனாலேயே கடைல, "சார், பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது"ன்னு சொல்லி அளக்காமலே அனுப்பிடுவாங்க. அட்ஜஸ்ட் வேணாம், அளவை மட்டும் பிரின்ட் எடுத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க. எண் கம்பெனி சொன்ன வரம்புக்கு வெளியே இருந்தா பீம் வளைஞ்சிருக்கலாம். என்னோட வண்டி சுவர்ல உரசினதால எனக்கு இதுல பயம் இருந்துச்சு. நல்ல வேளை, வரம்புக்குள்ளதான் இருந்துச்சு.

முடிவு? ஹைவேல லேன் மாறினா வண்டி ஒரு தடவை சாஞ்சு அடங்குது. யூ-டர்ன்ல அந்தப் பழைய சுறுசுறுப்பு போயிடுச்சு, அதை மறைக்க மாட்டேன், சில நாள் அதை மிஸ் பண்றேன். அஞ்சு பேர் ஏறினா பெரிய ஸ்பீட் பிரேக்கர்ல இன்னும் மெதுவா போகணும். செலவு, கம்பியும் பஃபரும் வாங்கினதோட பெருசா வித்தியாசமில்ல. பம்பர் செலவைச் சேர்த்தா இது மலிவு.

மெசேஜ்ல வந்த ரெண்டு கேள்வி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு நண்பர், "அப்ப பின் கம்பி யாருமே போடக் கூடாதா?"ன்னு கேட்டிருக்கார். அப்படிச் சொல்ல மாட்டேன். ஷாக், டயர், புஷ் எல்லாம் நல்லா இருந்து, உங்க வண்டி முன்பக்கம் ரொம்ப வழுக்குதுன்னு டிராக்ல ஓட்டிப் பார்த்து உங்களுக்கே தெரிஞ்சு, வண்டில இஎஸ்சி இருந்து, மழைல கால் எடுத்தா என்ன ஆகும்னு காலியான இடத்துல பயிற்சி எடுத்திருந்தா, மெல்லிசான கம்பில இருந்து ஆரம்பிக்கலாம். என் வண்டில இஎஸ்சி கிடையாது. அம்மாவும் ஓட்டுறாங்க. அதனால எனக்கு வேணாம். போடுறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சில இருக்கிற விவரம் தயாரிப்பாளர் குடுத்ததுக்கு மாறா போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாத்தான் படிச்சுச்சு.

இன்னொருத்தர், "ஏற்கெனவே பஃபர் போட்டிருக்கேன், எப்பவும் அஞ்சு பேரோடதான் போவேன், கழட்டணுமா?"ன்னு கேட்டிருக்கார். எப்பவும்னு சொல்றீங்க, ஆனா ஆஃபீஸ் முடிஞ்சு ராத்திரி மழைல தனியா வர்ற நாளும் இருக்கும்ல? பஃபர் அந்த நாள்லயும் உள்ளதான் இருக்கும். முதல்ல ஷாக்கையும் பம்ப் ஸ்டாப்பையும் பாருங்க, ஸ்டிக்கர்ல போட்டபடி முழு பாரத்துக்குப் பின் டயர்ல காத்து ஏத்துங்க. அதுக்கப்புறமும் தட்டினா ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கம்பெனி ஸ்பிரிங்கையே புதுசா ஜோடியா மாத்துங்க.

அப்பா போன மாசம் மறுபடி என் கூட ஏலகிரி வந்தார். இறங்கும்போது மழை இல்ல, ஆனா ரோடு ஈரம். அந்த வளைவு வந்தப்ப கதவு மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டார். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துட்டேன். வளைவு முடிஞ்சதும் கையை எடுத்துட்டு, வாணியம்பாடில நிறுத்துடா, பிரியாணி சாப்பிட்டுப் போலாம்னார்.

அடுத்த வாரம் டேட்டாபேஸ் கேள்வி கேட்ட அந்த ரெண்டு பேருக்கு. பார்க்கலாம்.